போன வருசம்தான் குளிர்

ஏப்ரல் பிறந்த பிறகும் பனி கொட்டினால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஜன்னலால் வெளியே பார்ப்பார்கள். நான் குனிந்து என் கால்விரல்களைப் பார்ப்பேன். ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பேன். என் மனுசி கண்டுவிட்டால், "எல்லாம் இருக்கே?" என்று கேட்பாள். "இருக்கு" என்பேன். இரண்டு பேருக்கும் அந்த மனுசனின் குரல் காதில் வந்துவிடும்.

"இதென்ன குளிர் தம்பி. போன வருசம் எல்லோ குளிர்."

மொன்றியலில் இருந்த காலம் முழுவதும் அவர் சொன்னது இதைத்தான். போன வருசம் இதையேதான் சொன்னார், அதற்கு முதல் வருசமும் இதைத்தான் சொன்னார் என்று யாராவது ஞாபகப்படுத்தினால் கோபிக்க மாட்டார். "ஓமடாப்பா, ஒவ்வொரு வருசமும் குறைஞ்சு குறைஞ்சுதானே வருது" என்பார்.

அவர் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற ஒரு சமையல்கூடத்தில் எனக்கும் அவருக்கும் வேலை. நான் உள்ளே தட்டு அடுக்குவேன். அவர் வெளிவாசலில் நின்று தள்ளுவண்டிகளை லொறியில் ஏற்றுவார். அந்த வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடும். குளிரை அவ்வளவு கிட்ட நின்று பார்த்தவர் எங்களில் வேறு யாரும் இல்லை. அவரிடம் கார் கிடையாது. என்னோடுதான் வருவார்.

விடிய நான் காரைக் கொண்டுபோய் அவர் வாசலில் நிப்பாட்டினால் உடனே ஏற மாட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, கறிக்கு உப்புப் பார்க்கிற மாதிரி நிற்பார். பிறகு ஏறி, சிலுவை அடையாளம் போட்டு, பெல்ற் போட்டு, தீர்ப்புச் சொல்லுவார்.

"உம்மட மூத்தவன் கோயிலிலை முதல் நன்மை வாங்கின வருசம் ஞாபகம் இருக்கே? மே மாசம் பிறந்தும் பிள்ளையளை வெளியிலை நிப்பாட்டிப் படம் எடுக்கேலாமல் போச்சு. அதோடை பாத்தால் இது வெக்கை."

"ரேடியோவிலை வேறை மாதிரி எல்லோ சொல்லுறாங்கள் அண்ணை."

"அவன் உள்ளுக்கு இருந்து சொல்லுறான். நான் வெளியிலை நிண்டு சொல்லுறன்."

வருசங்களை அவர் இலக்கத்தில் சொன்னதே இல்லை. ஐஸ் மழை அடித்த வருசம், என் மச்சாள் வந்து இறங்கிய வருசம், கோயில் பொயிலர் வெடித்த வருசம் என்றுதான் சொல்லுவார். ஒவ்வொரு வருசத்துக்கும் அவர் உடம்பில் ஒரு இடம் இருந்தது. இன்ன வருசம் காது மடல் உரிந்தது, இன்ன வருசம் கதவுத் திறப்பைப் பிடிக்க முடியாமல் விரல் மடங்கி நின்றது என்று தொட்டுத் தொட்டுக் காட்டுவார்.

பிள்ளைகள் அவருக்கு மெத்தெயோ மாமா என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் மெத்தெயோ என்றால் வானிலைச் செய்தி. பள்ளிக்கூடத்துச் சொல்லைக் கொண்டுவந்து அவரில் ஒட்டிவிட்டார்கள். எங்கள் கோயிலுக்குப் புதிதாகச் சுவாமி ஒருவர் மன்னாரிலிருந்து வந்தபோது, முதல் ஞாயிறு பூசை முடிய, பிள்ளைகள் "மெத்தெயோ மாமா, மெத்தெயோ மாமா" என்று அவரைச் சுற்றி நிற்கக் கண்டார். நேரே வந்து கையைப் பிடித்து, "மத்தேயு, சுகமா இருக்கிறீங்களோ?" என்று கேட்டார். சுவிசேசம் எழுதினவரின் பெயர் என்று நினைத்துவிட்டார். இவர் திருத்துவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "ஓம் சுவாமி, சுகம்" என்றார்.

காரில் கேட்டேன். "ஏன் அண்ணை பேரைச் சொல்லேல்லை?"

"அந்த மனுசன் ஆசையா ஒரு பேர் தந்தது. ஏன் பறிப்பான்?"

அதற்குப் பிறகு சுவாமிக்கு அவர் மத்தேயுதான். அவருடைய உண்மையான பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அவர் பிறகு ரொறன்ரோவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினார். ஆண்டவருக்கு அவர் பெயர் தெரியும்.

புதிதாக வருகிற ஆட்களுக்கு அவரைப்போல ஒரு மருந்து கிடையாது. ஒருமுறை மார்ச் மாதத்தில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளை டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்க வந்தவள், கடை வாசலில் நின்று பனியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். காலில் ரப்பர் செருப்பு. நானும் அவரும் வேலையால் வந்து இறங்குகிறோம். அவர் கிட்டப் போனார்.

"பிள்ளை, இப்ப வந்ததுக்கே அழுகிறாய். போன வருசம் வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? இந்தக் கடைக்காரன் கதவு திறக்கேலாமல் ஜன்னலாலை எல்லோ பால் வித்தவன்."

"உண்மையாவோ அங்கிள்?"

"இவரைக் கேள்."

நான் ஓம் என்று தலையாட்டினேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் சிரித்துவிட்டாள். அடுத்த கிழமை அவளுக்குப் பனிச் சப்பாத்து ஒன்று தேடிக்கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பிள்ளை இன்றைக்கும் புது ஆட்களிடம், "நீங்கள் போன வருசம் வந்திருக்கவேணும்" என்று சொல்லுகிறாள்.

அதனால் அவர் சொல்வதெல்லாம் பிறத்தியாரைத் தேற்றுவதற்கான கதை என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். அவருக்கு மெய்யாகவே அப்படித்தான் இருந்தது என்பது பிந்தித்தான் தெரியவந்தது.

அவருடைய நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை வெளியில்தான் நடக்கும். கார் நிப்பாட்டும் வளவால் தொடங்கி, பின் ஒழுங்கையால் சுற்றி, பார்க்கைக் கடந்து திரும்பக் கோயிலுக்கு வருவோம். பெரிய மரச்சிலுவையை ஆட்கள் மாறி மாறிச் சுமப்பார்கள். முதல் சுமப்பவர் அவர். வெறுங்காலோடு. பனியோ, மழையோ, பனி கரையத் தூவின உப்புத் தண்ணீரோ, சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றிக் கோயில் படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார்.

ஏன் என்று ஒருநாள் காரில் அவராகச் சொன்னார்.

அவருடைய ஒரே மகள் குறைமாதத்தில் பிறந்தவள். பிறந்தது தவக்காலம். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூச்சை மெசின் எடுத்துக்கொடுத்தது. நம்பிக்கை வைக்கவேண்டாம் என்கிற மாதிரித்தான் டொக்டர்மார் கதைத்தார்களாம். பெரிய வெள்ளியன்று பார்க்கப் போயிருக்கிறார். அந்த அறைக்குள் போகிறவர்கள் சப்பாத்துக்கு மேலே நீலப் பிளாஸ்ரிக் உறை மாட்டவேண்டும். வாசலில் நின்ற நேர்ஸ் அதைப் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாள். இவர் கனடாவுக்கு வந்த புதிது. சப்பாத்து என்ற சொல் மட்டும் விளங்கியிருக்கிறது. வாசலில் நின்று ஒருவர் சப்பாத்து என்றால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரு அர்த்தம்தான். கழற்றிவிட்டார். சொக்ஸ் பனியில் நனைந்திருந்தது, அதையும் கழற்றினார். நேர்ஸ் அவருடைய காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கதவைத் திறந்துவிட்டாள். குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நின்று பிள்ளையைப் பார்த்து அழுதுவிட்டு வந்திருக்கிறார். அன்று பின்னேரம் பிள்ளை தானாக மூச்செடுக்கத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே, வருசா வருசம் பெரிய வெள்ளிக்கு வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துவிட்டார்.

"பிளாஸ்ரிக் உறை எண்டது எனக்குப் பேந்துதான் விளங்கினது" என்றார். "அண்டைக்கு எனக்குப் பிரெஞ்சு தெரிஞ்சிருந்தால் பிள்ளை இருந்திராது தம்பி."

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பெரிய படிப்பில்லை. ஆனால் ஆண்டவர் ஒருவருடைய பிழையைக்கூடத் தன்னுடைய வேலைக்கு எடுப்பார் என்று நம்புகிறவன். இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் பிறகு நடந்தது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"மகளுக்குத் தெரியுமோ அண்ணை?"

"சொல்லேல்லை. தன்ர உயிர் என்ர காலிலை நிக்குது எண்டு நினைச்சால் பிள்ளை பயந்திடும்."

ஒவ்வொரு பெரிய வெள்ளியும் நடந்து முடிந்து, கோயில் மண்டபத்தில் கஞ்சி குடிக்கும்போது எல்லோரும் அவரைக் கேட்பார்கள். "எப்பிடி அண்ணை, குளிரோ?" முதல் வருசங்களில் பல் கிட்டி, கோப்பையைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது எனக்கு ஞாபகம். பிறகு நடுக்கம் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. "போன வருசத்தைவிடப் பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டு சாதாரணமாகக் கஞ்சி குடிப்பார். சனத்துக்கு அது பெரிய விசயமாகப் போய்விட்டது. ஆண்டவர் அந்த மனுசனின் காலைத் தாங்குகிறார் என்று பெண்கள் கதைத்தார்கள். சிலபேர் தங்கள் பிள்ளைகளுக்காகச் செபிக்கச் சொல்லி அவரிடம் வந்தார்கள். அவர் வெட்கப்பட்டுப் போவார். ஆனால் உள்ளுக்குள் அவரும் அப்படித்தான் நினைத்தார். இல்லையென்று சொல்ல யாராலும் முடியவில்லை. குளிர் குறையவில்லை, அவருக்கு மட்டும் குறைந்துகொண்டு வந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். சிவப்புக் கம்பி போட்ட சின்ன ஹீற்றர் ஒன்று அவர் காலடியில் எரிந்துகொண்டிருந்தது. பொயிலர் வெடித்த வருசத்துக் கதையை அவர் சொல்லிக்கொண்டிருக்க, மேலே குசினியிலிருந்து மனுசி சத்தம் போட்டாள்.

"என்னப்பா, அடுப்பிலை ஒண்டும் இல்லை. எங்கை கருகுது?"

எனக்கும் மணம் வந்தது. குனிந்து பார்த்தால் அவர் வலது காலை ஹீற்றர் கம்பியில் வைத்திருக்கிறார். சொக்ஸ் புகைகிறது. காலைப் பிடித்து இழுத்தேன். அவர் தன் காலை வேறு யாருடையதோ என்பது மாதிரிப் பார்த்தார்.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான். நைலோன் சொக்ஸ்" என்றார்.

மனுசி வந்து சொக்ஸைக் கழற்றினாள். பாதத்தில் கொப்பளம் எழும்பியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மீன் பிடிக்கிற தங்கூசி நூல் மாதிரி ஒன்றால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள்.

"அண்ணை, கால் விறைக்கிறதோ?" என்று கேட்டாள்.

"கனடாவிலை ஆருக்குப் பிள்ளை விறைக்காது?"

குளிரில் விறைப்பதற்கும் உணர்ச்சி இல்லாமல் விறைப்பதற்கும் எங்களிடம் ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை வருசம் அவருடைய வருத்தம் ஒளித்திருந்ததோ தெரியாது.

மனுசி விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கு முறித்துக்கொண்டு வந்தாள். "கண்ணை மூடுங்கோ. தொடேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ."

"இதென்ன, குறி பாக்கிறியோ?" என்று சிரித்துக்கொண்டு கண்ணை மூடினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்தார். "ஓம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப... ஓம்." பிறகும், "ஓம், இதிலை."

"கண்ணைத் திறவுங்கோ அண்ணை."

"பாஸோ?"

ஈர்க்கு மனுசியின் மடியில் கிடந்தது. அவர் ஓம் என்று சொன்ன ஒரு தடவைகூட அவள் தொட்டிருக்கவில்லை. தொட்டபோது அவர் பேசாமல் இருந்தார்.

அதற்குப் பிறகு அவருடைய மனுசி அவரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனா. நாங்கள் அவவை அக்கா என்று கூப்பிடுவோம். சீனி எப்போதோ ஏறிவிட்டது, பாதத்து நரம்பு செத்துப்போய் இருக்கிறது, இனி வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். மருந்தை ஒழுங்காகத்தான் குடித்தார். சோற்றைக் குறைத்தார். அதில் குறை சொல்ல முடியாது. பெரிய வெள்ளியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

இது நடந்தது இரண்டாயிரத்து ஏழு. அந்த வருசம் வசந்தம் என்று ஒன்று வரவே இல்லை. ஏப்ரலில் மார்ச்சைவிட மோசம். கரைந்த பனி திரும்ப உறைந்து, அதற்கு மேல் புதுப்பனி விழுந்தது. குருத்து ஞாயிறுக்கு வந்த சனம் குருத்தோலையை ஜக்கெற்றுக்குள் செருகிக்கொண்டு ஓடியது. வேலையிடத்தில் பிரெஞ்சுக்காரக் கிழவன்மார்கூட இப்படி ஒரு ஏப்ரலைக் கண்டு கனகாலம் என்று திட்டினார்கள். எங்கள் மெத்தெயோ மட்டும் விடிய விடியக் காரில் ஏறி, "போன வருசம்தான் குளிர்" என்றார். எனக்கு முன்னைப்போல அதைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை.

அந்தத் தவக்காலம் முழுக்க மகளுக்கு இருமல். அப்போது அவள் பெரிய பிள்ளையாகிவிட்டாள், உயர்தரப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். தடிமனில் தொடங்கியது விடவில்லை. காரில் வரும்போது அவர் அதைத்தான் கதைத்தார். "இரவெல்லாம் இருமுது தம்பி. பிறக்கேக்கையே நெஞ்சு பழுதான பிள்ளை."

"இந்த முறை நடக்கப்போறியளோ அண்ணை?" கேட்டுவிட்டேன்.

"இந்த முறை நடக்காட்டில் எந்த முறை நடக்கிறது?"

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதா. "காலும் போய் ஆளும் போனால் நான் என்ன செய்வன்? நான் சொன்னால், பிள்ளை வேணுமோ கால் வேணுமோ எண்டு கேக்கிறார்." நேர்த்தியை முறிக்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அது விளையாட்டுக் காரியமில்லை. ஆனால் நேர்த்தியை மாற்றிக் கொடுக்கச் சுவாமிக்கு அதிகாரம் உண்டு என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்தது ஞாபகம் வந்தது. சுவாமியிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுத்த பூசை முடிய இவரைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டார். அக்காவும் நானும் பக்கத்தில் நின்றோம்.

"மத்தேயு, உங்கட நேர்த்தியை நான் மாத்தித் தாறன். சப்பாத்தோடை நடவுங்கோ. அதுக்குப் பதிலா ஒவ்வொரு நாளும் பிள்ளைக்காகச் செபமாலை சொல்லுங்கோ. ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்ளுவார். இது என்ர பொறுப்பு."

தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். இவர் முழங்காலில் இருந்து அதை வாங்கினார். அக்கா சுவாமியின் கையைப் பிடித்து முத்திசெய்தா.

திரும்பி வரும்போது அக்கா பின்சீற்றில் கண்ணயர்ந்துவிட்டா. சோர்சஸ் றோட்டில் துப்பரவு செய்யாத பனி. மெதுவாக ஓட்டினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சுவாமி மத்தேயுவின்ரை நேர்த்தியைத்தான் மாத்தினவர் தம்பி."

"என்ன அண்ணை?"

"என்ர பேர் மத்தேயு இல்லையே."

சிரித்தார். நானும் சிரித்தேன். பகிடி என்றுதான் எனக்குப் பட்டது. அவருக்கும் பாதி பகிடியாகத்தான் இருந்திருக்கும். மற்றப் பாதி என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பெரிய வெள்ளியன்று பனியும் மழையும் கலந்து சாய்வாக அடித்தது. சுவாமி ஜக்கெற்றுக்கு மேலே வெள்ளை அங்கி போட்டு, பூதம் மாதிரி இருந்தார். மைக் நனைந்து கரகரத்தது. எல்லோருடைய கண்ணும் இவருடைய காலில்தான் இருந்தது. பனிச் சப்பாத்து. முழங்கால் வரைக்கும் வாரிக்கட்டின கறுப்புச் சப்பாத்து. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டினா. சிலுவையைத் தூக்கினார். பதினான்கு நிலைகளில் எப்போதும் இரண்டாம் நிலையோடு ஆள் மாறும், அன்றைக்கு அவர் கொடுக்கவில்லை. நிலைக்கு நிலை ஈரத்தில் முழங்காலில் இருந்து எழும்பி, பாதி வழி அவரே சுமந்தார். நடையில் ஒரு நொண்டல் இல்லை, ஒரு தடங்கல் இல்லை. மகள் பின்னால் இருமிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு இருமலுக்கும் அவருடைய தோள் அசைந்ததை நான் கண்டேன்.

மண்டப வாசலில் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனோம். கஞ்சி ஆவி பறந்தது. சுவாமி கையைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்.

"எப்பிடி மத்தேயு? இந்தக் குளிருக்குச் சப்பாத்து நல்லதுதானே?"

"போன வருசம்தான் குளிர் சுவாமி."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே மகள், "அப்பா" என்றாள். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் இருந்து அவர் கதிரை வரைக்கும், ஒரு அடி விட்டு ஒரு அடி, சிவப்பாகக் கால் தடம்.

"அப்பா, உங்கட சொக்ஸ்."

அவர் குனிந்து பார்த்தார். பயப்படவில்லை. அவள் ஓடிப்போய் அந்தச் சப்பாத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள். குறுணிக்கல் கொட்டியது. பனியில் சனம் வழுக்காமல் இருக்க நடைபாதையில் தூவுகிற அந்தக் கூர்க்கல். ஒரு சிறங்கை இருக்கும். சீமெந்துத் தரையில் அது விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மற்றச் சப்பாத்திலும் அதேதான்.

"என்ன அண்ணை இது" என்றேன்.

"ஒண்டும் குத்தேல்லை தம்பி" என்றார். ஆச்சரியப்பட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். "போட்டது நான்தான். ஆனால் ஒண்டும் குத்தேல்லை. ஆண்டவர் எடுத்துப்போட்டார் எண்டு நினைச்சன்."

சுவாமி கதிரையில் இருந்துவிட்டார். மகள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி தகப்பனைப் பார்த்தாள். "ஏன் போட்டனீங்கள்? அப்பா, ஏன்?" இருமல் வந்து கேள்வியை மறித்தது. அக்கா அவளைக் கட்டிப்பிடித்து, "பேந்து சொல்லுறன், பேந்து சொல்லுறன்" என்றா.

நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். புண் ஆறவில்லை. இடது கால் தப்பியது. வலது காலில் பெருவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் கறுத்துப்போய், கடைசியில் எடுக்கவேண்டி வந்தது. மகளுடைய இருமல் மே மாதத்தில் விட்டுவிட்டது. மருந்தில் விட்டதா, வெயில் வந்து விட்டதா, எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "நிண்டுட்டுது தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் அவருடைய கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு, "தோத்திரம்" என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு பாரமாக நான் வேறு ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு செபிக்க இருந்தால் சில நாட்கள் அந்தக் கல் கொட்டின சத்தம்தான் கேட்டது. ஆண்டவர் இவரிடம் கால் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார் என்று சுவாமி சொன்னார். அதைச் சொல்லும்போது சுவாமியின் கண்ணும் கலங்கியிருந்தது. தான் பிழையான பெயரில் ஆசீர்வதித்ததை அப்போதுதான் அறிந்திருந்தார். "பேர் என்னவா இருந்தாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தானே" என்று என்னிடம் கேட்டார்.

ஜூன் மாதம், சென் ஜோன் திருநாள் லீவில் மனுசியும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்துவிட்டார். வெளியே வெயில் கொளுத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வளவில் மாகாணத்தின் நீலக் கொடி கட்டி இறைச்சி வாட்டுகிறார்கள். ஃபான் ஓடியும் எங்களுக்கு வேர்த்து வழிகிறது. இவர் சோபாவில் வலது காலை நீட்டி, கட்டுக்கு மேலே கம்பளிச் சொக்ஸ் மாட்டிக்கொண்டு இருக்கிறார்.

"என்ன அண்ணை, இந்த வெக்கைக்கு?"

"விரல் குளிருது தம்பி."

"எந்த விரல்?"

"எடுத்த விரல்."

மனுசி என் கையைப் பிடித்தாள். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு நல்ல சந்தோசமாகச் சிரித்தார்.

"பகிடி இல்லை. அந்த ரெண்டு விரலும் கடுகடுக்குது. ஐஸ் தண்ணிக்குள்ளை வைச்ச மாதிரி. ரொக்ஸ்பரோவுக்கு வந்த நாளிலை இருந்து இப்பிடி ஒரு குளிர் நான் காணேல்லை. போன வருசம் எல்லாம் ஒரு குளிரே?"

அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். இந்த வருசம்தான் குளிர் என்று.

மகள் குசினிக்குள் இருந்து வந்தாள். தாய் அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டா என்று அவளுடைய முகத்தில் தெரிந்தது. எங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, சோபாவுக்குக் கீழே நிலத்தில் இருந்தாள். சொக்ஸைக் கழற்றி, கட்டு முடிகிற இடத்துக்கு அங்கால், ஒன்றும் இல்லாத இடத்தில், இரண்டு கையையும் பொத்திப் பிடித்தாள். குளிரில் விறைத்த குருவியைப் பிடிக்கிற மாதிரி.

"இங்கையோ அப்பா?"

அவர் கண்ணை மூடினார்.

"ஓம்" என்றார். "இப்ப... ஓம். இதிலைதான்."